டிரான்ஸ்பார்மருக்குள் எங்கே பொறி பறக்கிறது: டேங்கில் சென்சார் வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

எண்ணெய்ச் சோதனையில் ஹைட்ரஜன் ஏறியிருக்கிறது என்று துணைமின் நிலையத்திலிருந்து போன் வந்தால், அடுத்து அவர்கள் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். “அண்ணே, எந்த எடத்துலன்னு சொல்ல முடியுமா?” கோளாறால் எண்ணெய் சிதைந்து அதிலேயே கரைந்திருக்கும் வாயு அதைச் சொல்லாது. உள்ளே கோளாறு இருக்கிறதா, அது பொறியா, வெறும் சூடா என்பது வரை சொல்லும். வாயுக்களின் விகிதத்தை எடுத்து, மிஷேல் டுவால் வகுத்த முக்கோணத்தில் புள்ளி வைத்தால் கோளாறின் இனம் தெரியும், இடம் தெரியாது. இடம் தெரியாமல் டேங்கைத் திறந்தால் ஆயிரக்கணக்கான லிட்டர் எண்ணெயை இறக்கி, டார்ச் அடித்துத் தேடி, ஒன்றும் கிடைக்காமல் திரும்ப மூடுகிற நிலை வரும். அந்த இடத்தைச் சொல்லக்கூடியது சத்தம்.

நான் குமரி மாவட்டத்து மயிலாடிக்காரன். அப்பா கல்தச்சர். சிலைக்குக் கல் பார்க்கப் போனால் சின்னச் சுத்தியலால் நாலு இடத்தில் தட்டுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார், “உள்ள விரிசல் ஓடுது, வேண்டாம்” என்று நகர்ந்துவிடுவார். இருபத்திரண்டு வருடமாக டிரான்ஸ்பார்மர் சோதனை வேலையில் இருக்கும் எனக்கு அந்தக் காட்சி அடிக்கடி நினைவுக்கு வரும். ஒரு வித்தியாசம் உண்டு. கல்லை நாம் தட்ட வேண்டும். பழுதான டிரான்ஸ்பார்மர் தானாகவே சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது. மற்ற சத்தங்களை அடக்கிவிட்டு அதற்குக் காது கொடுப்பதுதான் நம் வேலை. இந்தத் துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக, நான் செய்கிற முறையை அப்படியே எழுதுகிறேன்.

சத்தம் எங்கிருந்து வருகிறது

வைண்டிங் என்னும் கம்பிச்சுருளைச் சுற்றியுள்ள காப்புக் காகிதத்தில் ஒரு காற்றுக் குமிழ், எண்ணெயில் மிதக்கும் ஒரு உலோகத் துகள், பிடி தளர்ந்த ஒரு போல்ட். இப்படி ஏதாவது ஓர் இடத்தில் மின்னழுத்தம் காப்பைக் கொஞ்சமாகத் தாண்டும். முழு ஷார்ட் ஆகாது, அந்தச் சிறு இடைவெளியில் மட்டும் பொறி தாவும். இதைத்தான் பார்ஷியல் டிஸ்சார்ஜ், சுருக்கமாக பி.டி. என்கிறோம். பொறி தாவும் கணத்தில் பக்கத்து எண்ணெய் சட்டென்று சூடாகி விரிகிறது. அந்த அதிர்ச்சி அலையாக எண்ணெயில் பரவி டேங்கின் சுவரில் வந்து முட்டுகிறது.

நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். இந்த அலையோ ஏறக்குறைய 20-லிருந்து 500 கிலோஹெர்ட்ஸ் வரை பரந்து கிடக்கிறது. யார்டில் நின்றால் கேட்கும் அந்த ‘ம்ம்ம்’ முனகல் வேறு. அது சுருளுக்கு நடுவிலுள்ள இரும்புக் கோர் தகடுகள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 தடவை நீண்டு சுருங்கும் சத்தம். அதைக் கேட்டு “உள்ளே பொறி” என்று யாரும் முடிவு கட்டக் கூடாது.

என்னென்ன வேண்டும்

150 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒத்ததிர்ந்து, அதிர்வை மின் சிக்னலாக்கும் பீசோ சென்சார்கள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரீஆம்ப்ளிஃபயர், காந்தப் பிடிகள், சிலிக்கோன் கிரீஸ், அலைகளைத் திரையில் காட்டும் நான்கு சானல் ஆசிலோஸ்கோப். ஸ்கோப் விநாடிக்கு 20 லட்சம் மாதிரியாவது எடுக்க வேண்டும். கேபிள்கள் நான்கும் ஒரே நீளத்தில் இருந்தால் பின்னால் சந்தேகமே வராது. இவற்றோடு உயர் அதிர்வெண் சி.டி. (கரண்ட் டிரான்ஸ்பார்மர், மின்னோட்டத்தை உணரும் வளையம்) ஒன்று கட்டாயம். ஏன் என்பதைக் கணக்குப் போடும் இடத்தில் சொல்கிறேன். அளவு நாடா, சாக்பீஸ், 0.5 மில்லிமீட்டர் 2எச் மெக்கானிக்கல் பென்சில். எல்லாவற்றுக்கும் மேலாக, உள் அமைப்பைக் காட்டும் வரைபடம். வரைபடம் கையில் இல்லாமல் நான் கிளம்புவதில்லை. எந்த இடத்தில் லீடு (இணைப்புக் கம்பி) போகிறது, எங்கே மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டேப் சேஞ்சர், டேங்கின் உள்பக்கம் எங்கே காந்தக் கவசத் தகடு இருக்கிறது என்பதெல்லாம் தெரியாவிட்டால் நீங்கள் கண்டுபிடிக்கும் புள்ளிக்கு அர்த்தமே இருக்காது.

செலவுக்கு வழியில்லாத இடத்தில் தொடுமுனை உள்ள அல்ட்ராசோனிக் கருவியையும் ஹெட்போனையும் வைத்துத் தொடங்கலாம். அது உயர்ந்த ஒலியைக் காது கேட்கும் அளவுக்கு இறக்கித் தரும். நல்ல பி.டி. அதில் தேங்காயெண்ணெயில் நெத்திலி பொரிவதுபோலக் கேட்கும். டேங்கின் எந்தப் பக்கம் என்று சொல்ல அது போதும், எத்தனை சென்டிமீட்டர் உள்ளே என்று சொல்ல முடியாது.

உயிர் முதலில்

டிரான்ஸ்பார்மர் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யும் சோதனை இது என்பதுதான் இதன் பெரிய லாபம், பெரிய ஆபத்தும் அதுவே. டேங்க் எர்த் செய்யப்பட்டிருப்பதால் அதன் சுவரைத் தொடலாம். அதற்கு மேலே, மின்கம்பி டேங்குக்குள் நுழையும் காப்புக் குழாயான புஷ்ஷிங்கில் 110 கே.வி. நிற்கிறது. மேல்மூடியின் மீது ஏறவே கூடாது. ஏணி ஃபைபரில்தான் இருக்க வேண்டும், யார்டுக்குள் அதைப் படுக்கவைத்து இரண்டு பேராகத் தூக்கி வர வேண்டும். நிமிர்த்தித் தோளில் சுமந்து வருபவரைப் பார்த்தால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்துங்கள். கேபிளைக் காற்றில் ஆடவிடாமல் டேங்கோடு சேர்த்துக் கட்டிக் கீழே இறக்குங்கள். சி.டி.யை நியூட்ரல் எர்த் பட்டையைச் சுற்றித் தரையருகே மாட்ட வேண்டும். அதற்காக எர்த் இணைப்பைக் கழற்றுகிற பேச்சே கிடையாது. பிளந்து மாட்டும் வகை சி.டி. வாங்கச் சொல்வது அதனால்தான். நிலையப் பொறுப்பாளருக்குத் தெரியாமல், எழுத்தில் அனுமதி இல்லாமல், எதையும் தொடாதீர்கள்.

சென்சார் ஒட்டுவது

பெயிண்ட்டைச் சுரண்ட வேண்டியதில்லை. உரிந்தோ துருப்பிடித்தோ இருந்தால் மட்டும் அந்த இடத்தை விட்டுத் தள்ளி வையுங்கள். ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, சென்சார் முகத்தில் பட்டாணி அளவு கிரீஸ் வைத்து அழுத்தினால் ஓரங்களில் மெல்லிய வளையமாகப் பிதுங்கி வரும். அந்த வளையம் முழுதாக வந்தால் இடையில் காற்று இல்லை என்று பொருள். காற்று ஒரு மயிரிழை நின்றாலும் அலை வந்து சேராது. வெளிப்பக்க விறைப்புப் பட்டைகளின் மேலும், உள்ளே கவசத் தகடு இருக்கும் இடங்களிலும் வைக்க வேண்டாம்.

ஒட்டியதும் பென்சில். முனையை 3 மில்லிமீட்டர் வெளியே நீட்டி, சென்சாரிலிருந்து ஒரு சாண் தள்ளி டேங்கின் மீது சாய்த்து முறியுங்கள். ‘டிக்’. திரையில் கூரான ஒரு அலை எழ வேண்டும். நான்கு சென்சாரிலும் ஏறக்குறைய ஒரே உயரம் வரவேண்டும். ஒன்றில் குறைந்தால் எடுத்துத் துடைத்து மறுபடி ஒட்டுங்கள். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் பதிவு செய்த ராத்திரிகளில் நான் பட்ட பாடு போதும்.

காற்றும் மணலும் மற்ற எதிரிகளும்

இந்த வேலையில் முக்கால் பங்கு நேரம் பொய்ச் சத்தத்தை ஒதுக்கவே போகிறது. நம் மாவட்டத்தில் இதைக் கூடுதல் அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழி கணவாயில் ஆனி, ஆடி மாதங்களில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பேசினால் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றும் அந்த மாதங்களில்தான் டிரான்ஸ்பார்மர்களுக்கும் வேலை அதிகம், அப்போதுதான் நம்மைக் கூப்பிடுவார்கள். காற்றோடு வரும் மணல் டேங்கில் மோதும் ஒவ்வொரு தடவையும் சென்சாருக்கு அது ஒரு பொறிதான். அலை வடிவத்தைப் பார்த்து மட்டும் பிரிக்கவே முடியாது. மழைத்துளியும் அப்படியே.

முதல் வழி, நேரம். நான் ராத்திரி 2 மணிக்கே போய்ச் சேர்ந்துவிடுவேன். என் அனுபவத்தில் 3 மணியிலிருந்து விடியும் வரை காற்று கொஞ்சம் அடங்கும். காற்று வரும் பக்கத்தில் தார்ப்பாயை டேங்கில் படாமல் தள்ளிக் கட்டலாம். டேங்கில் உரசினால் அதுவே புதிய தொல்லை.

இரண்டாவது, வடிகட்டி. கோரில் காந்தப்புலம் புரளும்போது எழும் பார்க்ஹாசன் இரைச்சல் பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். அதனால் 80 அல்லது 100 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். ஃபேன், எண்ணெய் பம்ப் இரண்டையும் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே சில நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். டேப் சேஞ்சரை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றச் சொல்லுங்கள், நடுவில் டேப் மாறினால் திரை முழுக்க நிரம்பிவிடும். தளர்ந்த பெயர்ப்பலகை, ஆடும் எர்த் பட்டை, மார்ஷலிங் பெட்டியின் கதவு என ஒவ்வொன்றையும் கையால் அழுத்திப் பார்த்தால் சத்தம் மாறுகிறதா என்று தெரியும்.

மூன்றாவதுதான் நான் உயிராக நம்புவது. திரையை 20 மில்லி செகண்டுக்கு வையுங்கள், அதாவது ஒரு முழு சுற்று. ஸ்கோப்பை 50 ஹெர்ட்ஸ் மின்வழங்கலோடு பூட்டி, பத்து நிமிடம் பதிவுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குங்கள். மணலுக்கு மின்சாரத்தின் சுற்று தெரியாது, அது எங்கு வேண்டுமானாலும் விழும். பி.டி. மின்னழுத்தத்தின் பிள்ளை. சுற்றின் குறிப்பிட்ட இடங்களில், பெரும்பாலும் சுற்றுக்கு இரண்டு கூட்டமாக, சில வகைக் கோளாறுகளில் ஒரே கூட்டமாக, திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்து நிற்கும். அந்தக் கூட்டம் திரையில் மெல்லத் திரண்டு வருவதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்குக் கை நடுங்கும்.

இடம் காண்பது

எண்ணெயில் ஒலியின் வேகம் அறை வெப்பத்தில் விநாடிக்குச் சுமார் 1400 மீட்டர். சூடு ஏற ஏறக் குறையும். ஓடிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்பார்மரில் எண்ணெய் 55 டிகிரி பக்கம் இருந்தால் 1300 என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஒரு மைக்ரோ செகண்டுக்கு 1.3 மில்லிமீட்டர். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் யார்டில் நின்றே கணக்குப் போடலாம்.

பொறியின் மின் அதிர்வு நியூட்ரல் சி.டி.க்கு நம் கணக்கில் நேரமே எடுக்காமல் வந்துவிடுகிறது. ஒலி பின்னால் நடந்து வருகிறது. மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளியை எண்ணுவது மாதிரிதான். சி.டி. சிக்னலில் ஸ்கோப்பைத் தூண்டிவிட்டு, சென்சாருக்கு ஒலி எப்போது வந்தது என்று பார்த்தால் தூரம் நேரடியாகக் கிடைக்கும். மூன்று சென்சாரிலிருந்து மூன்று தூரம் கிடைத்தால், மூன்று கோளங்கள் வெட்டும் இடமே கோளாறு. சி.டி. சிக்னல் இரைச்சலில் மூழ்கிவிட்டால் புறப்பட்ட நேரமும் நமக்குத் தெரியாததாகிவிடுகிறது. அப்போது நான்கு சென்சார் வேண்டும், அவற்றுக்கிடையே உள்ள நேர வித்தியாசங்களை வைத்துக் கணக்கிட வேண்டும். எக்செல்லில் சால்வர் வைத்தே செய்துவிடலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, சிக்க வைக்கும் பொறி. டேங்க் இரும்பு. இரும்புத் தகட்டில் குறுக்கலை விநாடிக்கு 3200 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சுவரிலிருந்து 50 சென்டிமீட்டர் உள்ளே பொறி, சென்சார் அதற்கு நேரெதிரில் இல்லாமல் ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வழியே நேராக வந்தால் தூரம் 112 சென்டிமீட்டர், 860 மைக்ரோ செகண்ட் ஆகும். ஆனால் அலையின் ஒரு பகுதி பக்கத்துச் சுவரைத் தொட்டு, இரும்பு வழியே ஓடி, 665 மைக்ரோ செகண்டிலேயே சென்சாரை அடைந்துவிடும். அதை நேர்வழி என்று நினைத்துக் கணக்குப் போட்டால் கால் மீட்டர் தப்பு. டிரான்ஸ்பார்மருக்குள் கால் மீட்டர் என்பது புஷ்ஷிங் லீடுக்கும் டேப் லீடுக்கும் உள்ள வித்தியாசம்.

இரும்பு வழி வருவது முதலில் சிறிதாக, மெல்ல எழும். பின்னால் எண்ணெய் வழி வருவது பெரிதாக, செங்குத்தாக எழும். இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கண் பழக வேண்டும். அதைவிட எளிய வழி, சென்சாரை நகர்த்திக்கொண்டே போவது. முன் முனை செங்குத்தாகி, நேரம் குறைந்து, உயரம் கூடிக்கொண்டே வந்தால் கோளாறுக்கு நேரெதிரே நெருங்குகிறீர்கள். அங்கே எண்ணெய் வழியே குறுக்கு வழி, அதனால் இரும்பு ஏமாற்ற முடியாது. சாக்பீஸால் ஒவ்வொரு இடத்தையும் வட்டமிட்டு எண்ணும் நேரமும் எழுதுங்கள். நகர்த்தும் ஒவ்வொரு தடவையும் துடைத்து, கிரீஸ் வைத்து, பென்சில் முறித்து.

தொடக்க காலத்தில் நான் இதை மதிக்கவில்லை. ஒரே ஒரு சென்சாரில் பெரிய சிக்னல் வந்தது, அந்தப் பக்கத்து மூடியைத் திறக்கச் சொன்னேன். இரண்டு நாள் மின்தடை, எண்ணெய் இறக்கி ஏற்றிய செலவு, உள்ளே ஒன்றுமில்லை. கோளாறு எதிர்ப்பக்கத்தில் இருந்தது. அலை ஒரு கவசத் தகட்டில் முட்டி, சுற்றி வந்து, எனக்குப் பக்கத்தில் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. உயரத்தை நம்பாதே, நேரத்தை நம்பு என்று அன்றைக்குப் படித்தேன்.

ஒரு ராத்திரி

ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் ஒரு காற்றாலைப் பண்ணையின் துணைமின் நிலையம். 110/33 கே.வி., 25 எம்.வி.ஏ. திறன் கொண்ட டிரான்ஸ்பார்மர். மூன்று மாதத்தில் ஹைட்ரஜன் நான்கு மடங்காகியிருந்தது, வலுவான பொறிக்கு அடையாளமான அசெட்டிலீனும் தலைகாட்டியது. உள்ளே வாயு சேர்ந்தால் எச்சரிக்கும் புக்கோல்ஸ் ரிலே இன்னும் அலாரம் கொடுக்கவில்லை. அசெட்டிலீன் டேப் சேஞ்சர் அறையிலிருந்து கசிந்து வந்திருக்கலாம் என்பது பொறுப்பாளரின் கருத்து. நியாயமான சந்தேகம்தான், அங்கே ஒவ்வொரு டேப் மாற்றத்திலும் பொறி பறப்பது இயல்பு, சீல் கசிந்தால் அந்த வாயு பெரிய டேங்குக்கும் வந்துவிடும்.

டேப் சேஞ்சர் பக்கம் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தேன். மணலைத் தவிர ஒன்றுமில்லை. ஹெச்.வி. (உயர் மின்னழுத்த) பக்கத்துக்கு மாற்றினேன். மணி மூன்றே முக்கால் இருக்கும். ராத்திரி டியூட்டியில் இருந்த பையன் சுக்குக் காப்பி கொண்டுவந்து பக்கத்தில் குந்தினான். “அண்ணே, உள்ள என்னதாக்கும் கேக்குது?”

“மக்கா, அந்த ஃபேன மட்டும் கொஞ்சம் நிறுத்து. சொல்லுகேன்.”

ஃபேன் நின்றது. திரையில் இரண்டு கூட்டங்கள், ஒன்றுக்கொன்று 10 மில்லி செகண்ட் இடைவெளியில். ஒவ்வொரு கூட்டத்திலும் முள் முள்ளாக, எல்லா முள்ளும் ஒரே உயரம், சீப்பின் பற்கள் மாதிரி சீரான இடைவெளி. காகிதத்துக்குள் குமிழ் இருந்தால் உயரம் ஏறி இறங்கும். இப்படி ஒரே உயரமாக வந்தால் ஏதோ ஓர் உலோகம் இணைப்பு விட்டு மிதக்கிறது, அது நிரம்பி நிரம்பிப் பொறியைக் கக்குகிறது என்று பெரும்பாலும் சொல்லலாம்.

நடு ஃபேஸ் புஷ்ஷிங்குக்குக் கீழே, மேல் விளிம்பிலிருந்து இரண்டு சாண் இறங்கி வைத்தபோது நேரம் மிகக் குறைந்தது. 540 மைக்ரோ செகண்ட். பெருக்கினால் 70 சென்டிமீட்டர். மற்ற மூன்று சென்சாரின் தூரமும் அதே புள்ளியைச் சுற்றி ஓர் உள்ளங்கைக்குள் வந்து விழுந்தது. வரைபடத்தில் அங்கே இருந்தது புஷ்ஷிங்கின் அடிமுனையை மூடியிருக்கும் கவசக் கிண்ணம்.

நான்கு நாள் கழித்து லைன் கிளியர் (மின்சாரம் நிறுத்தப்பட்டதற்கான எழுத்து அனுமதி) எடுத்து, இரண்டு பக்கமும் எர்த் செய்து, கைத்துளை மூடிக்குக் கீழே வரும் அளவு மட்டும் எண்ணெயை இறக்கினார்கள். கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்தோம். கிண்ணத்தைப் பிடித்திருந்த மூன்று போல்ட்டில் ஒன்று விரலால் திருகினாலே சுற்றியது. அதன் தலையைச் சுற்றிக் கருமை. துடைத்தபோது அடியில் கடுகு அளவில் ஐந்தாறு குழிகள், விளிம்பு உருகி மினுங்கிக்கொண்டிருந்தன. அந்தப் போல்ட்டை மாற்றி, பூட்டு வாஷர் போட்டு முறுக்கி, மறுநாள் மின்சாரம் கொடுத்து டிரான்ஸ்பார்மரை ஏற்றிவிட்டார்கள்.

சத்தம் கேட்காவிட்டால்

இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: சத்தம் கேட்கவில்லை என்பதால் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுக்காதீர்கள். வைண்டிங்கின் உள்சுற்றில் பொறி பறந்தால் செம்பு, காகிதம், பிரஸ் போர்டு (அழுத்திய காகித அட்டை) தடுப்புகள் எல்லாம் அலையைத் தின்றுவிடும், சுவருக்கு ஒன்றும் வந்து சேராது. வாயு ஏறிக்கொண்டே இருந்து சத்தம் கேட்காவிட்டால், கோளாறு ஆழத்தில் இருக்கலாம் என்பதே என் அறிக்கையில் வரும். அதேபோல, பொறியின் மின்னூட்டம் எத்தனை பிகோ கூலோம் என்று ஒலியை வைத்துச் சொல்ல முடியாது. அது ஐ.இ.சி. 60270 முறையில் மின்வழியாக அளக்க வேண்டியது. ஒலிச் சோதனைக்கென்றே ஐ.இ.இ.இ. சி57.127 என்ற வழிகாட்டி இருக்கிறது, ஆங்கிலத்தில் படிக்க முடிந்தவர்கள் ஒரு தடவையாவது முழுதாகப் படியுங்கள்.

பழுது பார்த்தபின் பலர் விட்டுவிடுகிற வேலை ஒன்று உண்டு. டிரான்ஸ்பார்மரை ஏற்றிய அன்றே அதே இடங்களில் சென்சாரை வைத்து மறுபடி கேட்க வேண்டும். சாக்பீஸ் ஒரு மழையில் போய்விடும், அதனால் நான் பெயிண்ட் பேனாவால் சின்னப் புள்ளியாக வைத்து, அளவுகளைக் கோப்பில் எழுதிவிடுவேன். எண்ணெயிலிருந்து வாயுவை நீக்கி வடிகட்டாவிட்டால் பழைய ஹைட்ரஜன் அப்படியே இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஏற்றிய மறுநாள் ஒரு மாதிரி, ஒரு வாரத்தில் ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று எடுத்து, எண் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். அந்த 25 எம்.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் மூன்று மாதிரியிலும் எண் நகரவில்லை.